விருந்தாளியை வரிசையில் நிறுத்தலாமா?

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் மகனுக்குத் திருமணம் பேசி முடித்த சகோதரர் ஒருவர், அண்மையில் ஒரு சந்தேகத்தோடு நம்மிடம் வந்தார். நிகாஹ் பள்ளிவாசலில் எளிமையாக நடைபெறும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. வலீமா விருந்தில்தான் வீட்டிற்குள் விவாதம். மண்டபம் வேண்டாம், ஒரு திறந்த மைதானத்தில் மாலையில் வைத்துக் கொள்ளலாம், 'ஃபுட் டிரக்' என்று இளைஞர்கள் சொல்லும் உணவு வண்டிகள் நான்கை வரவழைக்கலாம் என்கிறான் மகன். ஒரு வண்டியில் பிரியாணி, ஒன்றில் பரோட்டாவும் கபாபும், ஒன்றில் தோசை, ஒன்றில் ஐஸ்கிரீம். வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் டோக்கன். விரும்பிய வண்டியின் முன் நின்று விரும்பியதை வாங்கிச் சாப்பிட வேண்டியது.

"மண்டப வாடகையும் மிச்சம், சோறு குப்பைக்குப் போவதும் மிச்சம். என்னோடு வேலை செய்கிறவர்கள் மூன்று ஷிப்டுகளில் இருக்கிறார்கள். ஆறு மணிக்கும் வருவார்கள், பத்து மணிக்கும் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் எப்படிப் பந்தி போடுவது?" என்பது மகனின் வாதம். "நம் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் கையில் டோக்கனை வைத்துக் கொண்டு கடை முன்னால் நிற்பதா?" என்பது தாயாரின் வேதனை. "இது வலீமாவா, சந்தையா? மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார் தந்தை.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. இன்று இல்லாவிட்டால் நாளை நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடிய கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே சிந்திப்போம்.

முதலில் அந்த ஊரை நினைத்துப் பார்ப்போம். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட அந்தச் சாலை நெடுகத் தொழிற்சாலைகள். வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கிறது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இத்தகைய இடங்களில் ஷிப்டு விட்டு வெளியே வருகிறவனின் பசியை ஆற்றுவது, சாலையோரம் 'குட்டியானை' வண்டியில் பிரியாணி அண்டாவை வைத்துக் கொண்டு நிற்கும் எளிய மனிதன்தான். உழைப்பவனுக்குச் சோறு போடும் வண்டியை இழிவாக நினைக்க நியாயமில்லை. இன்று உலகறிந்த நியூயார்க் நகரின் ஹலால் உணவு வண்டிகளில் ஒன்றை, எகிப்திலிருந்து குடியேறியவர்கள் 1990இல் தொடங்கினார்கள். தெருவோரத்தில் நின்ற அந்த வண்டிதான், அந்நகரில் டாக்சி ஓட்டிய முஸ்லிம்களுக்கு மனநிறைவோடு உண்ணக் கூடிய சோற்றையும் கோழிக் கறியையும் கொடுத்தது. ஆகவே வண்டியில் வந்த உணவு என்பதனால் மட்டும் அது விருந்துக்கு ஆகாததாகி விடாது.

அடுத்து, வலீமாவுக்கு மண்டபம் வேண்டுமா? கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்துக் கொடுத்த வலீமாவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. பேரீச்சம்பழமும், உலர்ந்த தயிர்க்கட்டியும், நெய்யும் அவற்றின் மீது வைக்கப்பட்டன. உள்ளவர்கள் தம்மிடம் உள்ளதைக் கொண்டு வந்து சேர்த்தார்கள் என்றும் அறிவிப்பு வருகிறது. பயண வழியில், திறந்த வெளியில் நடந்தேறிய வலீமா அது! அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மணமுடித்த செய்தியறிந்து ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னதும் உண்டு. தம் துணைவியர் ஒருவருக்கு இரண்டு முத்து அளவு வாற்கோதுமையில் வலீமாவை முடித்துக் கொண்டதும் உண்டு. இடமும் பண்டமும் அவரவர் வசதியைப் பொறுத்தவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஆக, மைதானத்தில் வைக்கலாமா என்ற கேள்விக்கு மகன் பக்கமே தீர்ப்பு.

வீண்விரயத்தைப் பற்றி அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண் செய்யாதீர்கள் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் 7ஆவது அத்தியாயம் 31ஆவது வசனத்தில் ஓதுகிறோம். ஓதிவிட்டு மண்டபத்திற்குப் போய், கேட்காமலே இலையில் கொட்டப்பட்ட சோற்றை அப்படியே மடித்து வைத்து விட்டு எழுகிறோம். 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், 78 கோடிக்கு மேற்பட்டோர் பசியால் வாடியதாகவும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் கணக்குக் கொடுத்தது. அந்தக் குப்பையில் நம் மண்டபங்களின் பங்கு இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? கேட்ட பின் சுடச்சுடப் போட்டுக் கொடுக்கும் வண்டியில் இந்தப் பாவம் குறையும் என்றால், அது வரவேற்கத் தக்கதே.

ஆனால் நான்கு வண்டிகள் எதற்கு? இங்கேதான் மகனின் வாதம் ஆட்டம் காண்கிறது. சிக்கனம் என்று தொடங்கிய பேச்சு, வகைகளின் பெருமையில் போய் முடிகிறது. இன்று நான்கு என்றால், அடுத்த வீட்டார் ஆறு வண்டி நிறுத்துவார்கள். மண்டபத்தின் பகட்டு மைதானத்திற்கு மாறியதே தவிர, ஒழிந்தபாடில்லை.

இனித் தாயாரின் கேள்விக்கு வருவோம். வாதத்தில் வலுவற்றது போல் தோன்றினாலும், மார்க்கத்தின் மையத்தைத் தொட்டது அந்தக் கேள்விதான்.

நபி இப்றாஹீம் (அலை) அவர்களிடம் அறிமுகமில்லாத விருந்தினர் வந்த வரலாறு திருக்குர்ஆனின் 51ஆவது அத்தியாயத்தில் வருகிறது. அவர்கள் ஓசைப்படாமல் வீட்டிற்குள் சென்றார்கள். கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டு வந்தார்கள். அதை விருந்தினரின் அருகில் வைத்தார்கள். 'அருகில் வைத்தார்கள்' என்ற சொல்லை நம் முன்னோர்களான விரிவுரையாளர்கள் பெரிதும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். உணவு இருக்குமிடத்திற்கு விருந்தினர் வரவழைக்கப்படவில்லை; விருந்தினர் இருக்குமிடத்திற்கு உணவு வந்தது. வாடிக்கையாளருக்கும் விருந்தாளிக்கும் உள்ள வேறுபாடே இதுதான். வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதைத் தேடிச் செல்வார். விருந்தாளிக்கு வேண்டியதை விருந்தளிப்பவர் தேடிச் செல்வார்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வலீமாவுக்கு அழைக்கப்பட்டவர், தக்க காரணமில்லாதபோது அந்த அழைப்பை ஏற்பது கடமை என்பது மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. ஆகவே வருகிறவர் வயிற்றுக்காக வருவதில்லை. தம் கடமையை நிறைவேற்ற வருகிறார். கடமைக்காக வந்தவரைக் கடைக்காரனிடம் டோக்கனை நீட்டச் செய்வது முறையாகுமா? முழங்கால் வலியுள்ள பெரியவர், கைக்குழந்தையோடு வந்த சகோதரி, கோஷாவைப் பேணும் மூதாட்டி, இவர்கள் அந்த வரிசையில் எத்தனை நேரம் நிற்பார்கள்?

அதே சமயம், மண்டபப் பந்தியை மட்டும் புகழ்ந்து விட முடியாது. சாப்பிட்டுக் கொண்டிருப்பவரின் நாற்காலியைப் பிடித்துக் கொண்டு பின்னால் ஒருவர் நிற்பதும், இவர் கை கழுவ எழுமுன் அவர் உட்கார்ந்து விடுவதும் நாம் காணாத காட்சியா? அங்கும் விருந்தாளி வரிசையில்தான் நிற்கிறார். வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் காயல்பட்டினம் போன்ற ஊர்களில் அதனால்தான் வேரூன்றியது. என்றாலும், சேர்ந்து உண்பதும் தனித்தனியே உண்பதும் குற்றமில்லை என்று 24ஆவது அத்தியாயத்தின் 61ஆவது வசனம் இலகுவாக்கியிருக்கிறது. எனவே ஷிப்டு முடிந்து வருகிற இளைஞர்கள் அவரவர் நேரத்திற்கு வந்து உண்டு செல்வதில் தவறு காண வேண்டியதில்லை. எப்படி உண்டார்கள் என்பதை விட, எப்படி உபசரிக்கப்பட்டார்கள் என்பதே கேள்வி.

டோக்கனில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் ஒளிந்திருக்கிறது. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்துடைய அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மண்டபத்திற்குச் சுவர் உண்டு. வெளியே நிற்பவன் உள்ளே நடப்பதைப் பார்ப்பதில்லை. மைதானத்திற்குச் சுவர் ஏது? பிரியாணி வாசனை சாலை வரை வீசும். இரவுக் காவலாளி பார்ப்பார். துப்புரவுப் பணி முடித்துச் செல்லும் பெண்மணி பார்ப்பார். விடுதிக்குத் திரும்பும் வடநாட்டு இளைஞன், தினமும் தான் காசு கொடுத்துச் சாப்பிடும் வண்டிதானே என்று நெருங்கி வருவான். "டோக்கன் இருக்கிறதா?" என்று அவனைக் கேட்பார்கள். இல்லாத சுவரை அந்த ஒரு துண்டுக் காகிதம் எழுப்பி விடுகிறது.

அப்படியானால் ஊர் முழுமைக்கும் சோறு போட வேண்டுமா? ஒரு நடுத்தரக் குடும்பத்தால் அது ஆகிற காரியமா என்று கேட்கலாம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. நபியவர்கள் ஒரு விருந்துக்குச் சென்றபோது அழைக்கப்படாத ஒருவர் உடன் வந்தார். அவருக்கு அனுமதி உண்டா என்று நபியவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள், அவரும் அனுமதித்தார். விருந்துக்கு ஒரு வரம்பு வைத்துக் கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பது இதனால் விளங்கும். வரம்பு குற்றமல்ல, அந்த வரம்பை ஏழையின் முகத்திற்கு நேராகப் போடுவதுதான் குற்றம்.

இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்றும் நபிமொழி உண்டு. ஆகவே நாம் சொல்வது இதுதான்: பண்டத்தைக் குறையுங்கள், மனிதரைக் குறைக்காதீர்கள். நான்கு வண்டிகள் வேண்டாம், இரண்டு போதும். ஐஸ்கிரீமுக்கும் கபாபுக்கும் போகிற பணத்தில் இன்னும் எத்தனையோ பேர் வயிறார பிரியாணியும் தால்சாவும் உண்ணலாம்.

அந்தச் சகோதரருக்கு நாம் சொன்ன மற்ற யோசனைகளையும் இங்கே குறிப்பிடுகிறோம். டோக்கனை எடுத்து விடுங்கள். வண்டிக்காரரிடம் தட்டுக் கணக்கில் பேசி, போன தட்டுகளை எண்ணிப் பணம் கொடுங்கள். பாய்களும் நாற்காலிகளும் போடுங்கள். பெண்களுக்குத் தனியே மறைப்புக் கட்டுங்கள். வண்டியிலிருந்து தட்டை வாங்கி விருந்தினர் கையில் சேர்ப்பது மாப்பிள்ளையின் சகோதரர்களும் தோழர்களும் செய்ய வேண்டிய வேலை. கறி எங்கே, யார் அறுத்தது, அதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கப்படுகிறது என்று முன்னதாகவே விசாரியுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்ற வண்டியா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்ததை அந்த வட்டாரம் மறந்திருக்காது. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப் போனது இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருக்கலாகாது. மாலை ஆறு முதல் இரவு பத்து வரை நடக்கும் விருந்தில் இது சிறு விஷயமன்று.

கடைசியாக, காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முதல் நாளே சென்று அழைப்புச் சொல்லுங்கள். மிஞ்சியதைக் கொடுப்பது தர்மமாகலாம். அழைத்துக் கொடுப்பதுதான் விருந்து. அவர்கள் எந்த மதத்தினர் என்று பார்க்க வேண்டாம். தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஸஹாபியின் வழி வந்தவர்கள் நாம். இரவெல்லாம் வெந்து நின்று மற்றவருக்குப் பரிமாறிய வண்டிக்காரரையும் அவருடைய பையன்களையும் இறுதியில் உட்கார வைத்து, மாப்பிள்ளையே தம் கையால் பரிமாறட்டும்.

இவற்றைக் கேட்ட அந்தச் சகோதரர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "டோக்கனை எடுத்து விட்டால் கணக்குத் தப்பிப் போகுமே!" என்றார். ஆம், தப்பிப் போகலாம். பத்து தட்டு, இருபது தட்டு கூடுதலாகப் போகலாம். அதற்குத்தான் ஐஸ்கிரீம் வண்டியை விடச் சொன்னோம். நம் ஏட்டில் தப்பிய அந்தத் தட்டுகள், எந்த ஏட்டிலும் தப்பாமல் எழுதுகின்றவனிடத்தில் வலீமாவின் மிகச் சிறந்த தட்டுகளாகப் பதிவாகியிருக்கக் கூடும் அல்லவா?

விருந்தளிக்கும் வசதியோடு விருந்தோம்பும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.