காவலும் கூலியும்

காவல் என்பது விலைக்கு விற்கும் கடைச்சரக்கா? அல்லது குடிகள் யாவருக்கும் சர்க்கார் செய்யவேண்டிய கடமையா? இக்கேள்வி வக்கீல்கள் மட்டும் தர்க்கிப்பதற்குரியதன்று. கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளிற் குடியேறியுள்ள நம்மவர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியாகும். சிலாங்கூர்ப் பட்டணங்களில், குடியிருப்போர் சங்கங்கள் தெருமுனையில் தடுப்புக் கட்டை அமைத்து, மாதச் சந்தா வசூலித்து, ஜாகா வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஜாகாவோடு நில்லாமல், சட்டத்தின் அதிகாரத்தையே கூலிக்கு அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடும் உலகில் இருந்துவருகின்றது.

திருடனுக்கு அஞ்சுவோரை நாம் குறைகூறோம். வருஷக்கணக்காய் உழைத்து வாங்கிய மோட்டார் சைக்கிளை ஓரிரவிற் பறிகொடுத்தவனுடைய வயிற்றெரிச்சலை மற்றவர் அறியார். அயலார் ஒன்றுகூடித் தம் தெருவைத் தாமே காப்பது மெச்சத்தக்க செயலேயாகும். 1975-இல் இந்நாட்டில் தொடங்கப்பட்ட ரூக்குன் தெத்தாங்கா முறையில், மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் முறைவைத்துக்கொண்டு இரவிற் சுற்றிவந்தனர். 2012-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அம்முறையில் ஒருவன் கொடுப்பது பணமன்று, தன் தூக்கம். தூக்கத்தில் ஏழைத் தூக்கம், பணக்காரத் தூக்கம் என்ற பேதமில்லையன்றோ?

கூலி ஜாகாவின் சங்கதி வேறு. அவனை அனுப்பும் கம்பெனி 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அனுமதி பெற்றதாயினும், அவன் போலீஸ்காரனல்லன். கோத்தா டாமன்சாராவில், சந்தா கட்டாத ஒருவர், தடுப்புக் கட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு வீடு செல்லவேண்டியிருப்பது அநியாயமென்று வழக்காடினார். மாநகர் மன்றத்தின் அனுமதியோடு அமைந்த கட்டை அது. அதனால் நேர்வது வெறும் அசௌகரியமே எனக் கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. சட்டம் அவ்வாறே இருக்கட்டும். ஆயினும், கட்ட மனமில்லாதவனுக்கும் கட்ட வழியில்லாதவனுக்கும் கட்டை ஒன்றே என்பதை நாம் மறக்கலாகாது. பால்மரம் வெட்டியே முதுமையெய்திய கிழவி ஒருத்தி சந்தா கட்ட இயலாவிடில், அவள் வீட்டுக் கதவு உடைபடும் சத்தம் ஜாகாவின் காதில் விழாதிருப்பது நியாயமாகுமா?

இனிச் சட்ட அதிகாரத்தையே வாங்கும் விஷயத்திற்கு வருவோம். நமது 1967-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் கீழ், ஸ்தாபனங்கள் தம் செலவில் துணைப் போலீஸார் வைத்துக்கொள்ள இடமுண்டு. அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ஹாரிஸ் கவுண்டியில், குடியிருப்போர் சங்கங்களே சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. காவல் அதிகாரியின் செலவிற் பெரும்பகுதியைச் சங்கம் கொடுக்கும், மிச்சம் பொதுப்பணம். அவ்வதிகாரி தம் நேரத்திற் பெரும்பகுதியை அச்சங்கத்தாரின் தெருக்களிலேயே கழிப்பார்.

“பணம் கொடுப்பவன் கூடுதலாகப் பெறுவதில் என்ன குற்றம்? அவன் தெருவுக்கு அவன் செலவு செய்தால், போலீஸாரின் பளு குறைந்து ஏழைத் தெருவுக்கும் நன்மைதானே?” என்பர் சிலர். இவ்வாதத்தை அலட்சியமாய்த் தள்ளிவிட முடியாது. ஒருவன் தன் வாசலில் விளக்கேற்றினால் வழிப்போக்கனுக்கும் வெளிச்சம் கிடைக்கின்றது. ஆனால், அதிகாரம் பெற்ற மனிதன் விளக்கல்லன். விளக்கு யாவர்மீதும் ஒரேபடியாய் ஒளி வீசும். கூலி பெறுபவனோ கூலி கொடுப்பவனுடைய கண்ணால் பார்ப்பான். அத்தெருவில் யார் அந்நியன், யார் சந்தேகத்துக்குரியவன் என்பதைச் சட்டமா தீர்மானிக்கும்? சந்தாதாரரின் அச்சமே தீர்மானிக்கும். பழைய சைக்கிளில் வேலை தேடி வரும் தோட்டத்துப் பிள்ளையே முதலில் நிறுத்தப்படுவான்.

இதனை நாம் ஏட்டிற் படித்துத்தான் அறியவேண்டுமா? தோட்டத்து வாயிலைக் காத்தவன் துரையின் கூலியைப் பெற்றான். ஆகவே துரையின் கண்ணாலேயே பார்த்தான். 1941-இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், துரைமார் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்ல உரிமை வேண்டும் என்பனவும் அவர்தம் கோரிக்கைகள். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிற்று, பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்குப் பலியாயினர். வாயிலைத் திறக்கச் சொல்லி அடிபட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், தம்மினும் வறியவருக்கு எதிராக வாயிலடைக்கப் பணம் கட்டுவது நமக்குச் சம்மதமா?

மற்றொரு கேடும் உண்டு. தனிக் கிணறு தோண்டிக்கொண்டவன் ஊர்க் குளத்தைத் தூர்வாரும்படி கேட்கமாட்டான். காசுள்ளோர் தனிக் காவல் பெற்றுவிட்டால், போலீஸ் நிலையத்தில் ஆள் போதவில்லையென்று முறையிட எஞ்சியிருப்பவர் யார்? எவர் காதிலும் ஏறாத குரலுடைய ஏழைகளே. லண்டனில் 1798-இல் தேம்ஸ் நதிக் காவல் ஏற்பட்டபோது, அதன் செலவிற் பெரும்பகுதியைக் கொடுத்தோர் மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்த வர்த்தகரும் அங்குள்ள தோட்ட முதலாளிகளுமேயாவர். இரண்டே வருஷங்களில், 1800-இல், பார்லிமெண்டு சட்டமியற்றி அதனைப் பொதுக் காவலாக்கிற்று. அதிகாரம் முதலாளியின் பணப்பெட்டியில் இருக்கலாகாது என்பதற்கு இதனினும் வேறு உதாரணம் வேண்டுமோ?

ஆகவே, நமது அபிப்பிராயம் இது. தெருக் காவல் இருக்கட்டும். அது அயலார் முறைவைத்துச் செய்யும் காவலாயிருக்கட்டும். ஜாகா வைத்தே தீரவேண்டுமாயின், சந்தா அவரவர் சக்திக்கேற்றதாகுக. பணம் கொடுக்க முடியாதவர் ஓரிரவுக் காவலைக் கொடுக்கட்டும். அதுவும் இயலாத முதியவர் வீட்டையும் மற்ற வீடுகளைப் போலவே காக்கவேண்டும். லயத்து வீட்டுக்கும் தாமான் வீட்டுக்கும் ஒரேபடியாய் வரக்கூடிய போலீஸை, சங்கங்கள் ஒன்றுசேர்ந்து சட்டமன்ற உறுப்பினரிடமும் போலீஸ் அதிகாரிகளிடமும் கேட்கவேண்டும். உதவியென்று ஒருவன் கூவும்போது, அவன் சந்தா கட்டினானா என்று பார்த்து வரும் காவலை நாம் காவலென ஒப்புக்கொள்ளோம்.