தண்ணீர் ஊற்றாததும் அன்புதான்

அன்பு என்றால் அள்ளிக் கொடுப்பது மட்டும்தானா, நண்பர்களே? எங்க வீட்டு ஜன்னலோரக் கள்ளிச்செடி என்னை இப்படி யோசிக்க வைக்கிறது.

மெக்சிகோவைச் சேர்ந்த உருண்டைக் கள்ளி அது. உடம்பெல்லாம் மஞ்சள் முள். பூப்பதற்கே 15, 20 வருஷம் ஆகலாம். நம்ம ஜொகூர் பாருவிலோ வருஷம் முழுக்க மழை, காற்றிலும் ஈரம். மண் காயுமுன் தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும். அதனால் மணல் கலந்த மண், அடியில் ஓட்டையுள்ள தொட்டி, நல்ல வெயில். மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர்.

வருகிறவர்கள், “பாவம், கொஞ்சம் ஊத்தேன்” என்பார்கள். அந்த இரக்கம் செடிக்கா, நம் மன நிம்மதிக்கா?

எஸ்.பி.எம். எழுதப்போகும் என் தம்பி விஷயத்திலும் இதே கேள்விதான். அவன் கணக்கை நானே போட்டுக் கொடுத்தால் இன்றைக்குச் சிரிப்பான். தேர்வு மண்டபத்தில் அவன் தனியாகத்தானே உட்காரணும்?

அதற்காக, கண்டுகொள்ளாமல் விடுவதைப் பொறுமை என்று சொல்லிவிட முடியாது. ‘இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்’ என்று சொல்ல, தினமும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பவனுக்கே உரிமை உண்டு. தம்பி கணக்குப் போடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேனா மட்டும் அவன் கையில்.