காத்திருப்பும் கூலியும்

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையை நாம் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கடைசியில் வந்தவர்க்கும் ஒரு தெனாரியம் கிடைத்ததை எண்ணி வியக்கிறோம். அவர்கள் மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்றதை ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அழைப்பார் இல்லாமல் நின்றவர்கள்.

செல்பேசிச் செயலியை நம்பி வாடகைக் கார் ஓட்டுவோரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சவாரிக்குத்தான் கூலி. அடுத்த அழைப்பு வரும்வரை தெருவோரம் கழியும் நேரத்திற்கு ஒன்றும் இல்லை. கிடைப்பதிலும் நிறுவனத்தின் தரகு அல்லது நாட்கட்டணம், எரிபொருள், கடன் தவணை, பழுதுச் செலவு போக எஞ்சுவதே வீட்டிற்கு.

'அவர் எம் ஊழியர் அல்லர். விரும்பினால் ஓட்டலாம், விரும்பாவிடில் நிறுத்தலாம்' என்பது நிறுவனங்களின் வாதம். இதை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. அந்த உரிமையை ஓட்டுநர்கள் பலர் மெய்யாகவே விரும்புகின்றனர். ஆனால் கட்டணத்தை விதிப்பது யார்? ஒப்பந்தத்தை எழுதுவது யார்? இலண்டன் ஓட்டுநர்கள் ஊபர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, 2021 பிப்ரவரி 19 அன்று அவர்களைத் தொழிலாளர் என்றே ஏற்றது. செயலியைத் திறந்து, தம் பகுதியில் சவாரிக்கு ஆயத்தமாய் இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. அடுத்த மாதம் குறைந்தபட்ச ஊதியம் தர இசைந்த நிறுவனமோ, சவாரியை ஏற்ற கணத்திலிருந்தே கணக்கிடுவதாக அறிவித்தது. பூசல் முழுவதும் அந்தக் காத்திருப்பைப் பற்றியதுதான் என்பது அப்போது வெளிப்பட்டது.

இருவரும் இசைந்துவிட்டால் மட்டும் கூலி நீதியாகிவிடாது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் உரைத்தார். வறுமைக்கு அஞ்சிக் கடினமான நிபந்தனையை ஏற்பவன் வன்முறைக்கு ஆளானவனே என்பது அவர் கருத்து. ஆலைத் தொழிலாளரை மனத்திற்கொண்டு எழுதியது, தவணை கட்டவேண்டிய ஓட்டுநருக்கு அப்படியே பொருந்துகிறது.

நம் நாட்டில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காட்டை நலநிதிக்கு அளிக்கப் பணிக்கிறது. நல்லதுதான். காத்திருப்பின் கூலியைப் பற்றி அதில் பேச்சில்லை.

இரண்டு செயலிகளைத் திறந்துவைத்து, எது பத்து ரூபாய் மலிவு என்று பார்ப்பவர்கள் நாம்தாம். அந்தப் பத்து ரூபாய் யாருடைய பங்கில் குறைந்தது என்பது திரையில் தெரிவதில்லை. வண்டி வர ஏழு நிமிடம் ஆகும் என்பது மட்டும் தெரிகிறது. அதற்குள் நாம் பொறுமை இழந்துவிடுகிறோம்.