மானின் கண்ணில் புலி

பச்சைக் காட்டுக்குள் ஒளிந்து வேட்டையாட வேண்டிய புலிக்கு ஏன் இப்படி ஒரு பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்? நம் கண்ணை வைத்துக்கொண்டு யோசித்தால் இதற்கு விடை கிடைக்காது. புலி ஒளிவது மானிடமிருந்து.

நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. புள்ளிமானுக்கு இரண்டே வகை. எனவே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய அதனால் முடியாது. நமக்குத் தீயாகத் தெரியும் புலியும் அதன் பின்னாலுள்ள புதரும் மானுக்கு ஏறக்குறைய ஒரே நிறம்தான். புலி பச்சையாகவே இருந்திருக்கலாமே என்றால், பாலூட்டிகளின் ரோமத்தில் பச்சை நிறமி உருவாவதில்லை. மான் ஏமாற ஆரஞ்சே போதுமென்றால் பச்சை எதற்கு?

நிறம் பாதி வேலைதான். கண் ஓர் உருவத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் விளிம்பை வைத்து. புலியின் கருவரிகள் அந்த விளிம்பையே குறுக்காக வெட்டுகின்றன. தோள் ஒரு துண்டு, விலா ஒரு துண்டு என்று உடல் சிதறி, உயர்ந்த புல்லின் நிழலோடு கலந்துவிடுகிறது. வயிறு வெளுத்திருப்பதும் காரணத்தோடுதான். மேலிருந்து வெயில் விழும்போது எந்த உடலுக்கும் அடிப்பக்கம் இருளும். அந்த நிழல்தான் உடலின் திரட்சியைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளை வயிறு அதை ஈடுகட்டுகிறது. 1896-இல் இந்த விதியை விளக்கி எழுதியவர் அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். தட்டையான துணியில் நிழல் தீட்டித் திரட்சி காட்டுவது ஓவியரின் தொழில். விலங்குகளின் உடலில் அதுவே தலைகீழாக நடப்பது அவர் கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு ஏற்பாடும் மரத்தின் மேலிருக்கும் மந்தியிடம் அத்தனை பலிக்காது. நம்மைப் போலவே அதற்கும் மூன்று வகைக் கூம்புகள், உட்கார்ந்திருப்பதும் உயரத்தில். அது உதிர்க்கும் இலையையும் பழத்தையும் தின்னக் கீழே கூடும் மான்கள், அதன் அபாயக் குரல் கேட்டதும் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கும். தன் கண்ணில் இல்லாத நிறத்துக்கு மான் காதால் ஈடு தேடிக்கொள்கிறது. காட்டில் எனக்கு மிகப் பிடித்த உறவு இது.

முதுமலைக் காட்டுக்குப் போய், வனத்துறை வண்டியில் இருக்கும்போது மந்தி விடாமல் கத்துவது கேட்டால், பேச்சை நிறுத்திவிட்டு அது பார்க்கும் திசையில் பாருங்கள்.