மைதானத்தில் கீழ்ப்படிவு

கிருலப்பனையில் ஹைலெவல் வீதிக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வாடகை அறைகளில் தங்கிவிட்டவர்களும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களோடு சுவரொட்டி வாழ்கின்றனர். இத்தகைய வீடொன்றில் பதினைந்து வயதுப் பிள்ளை நன்றாக ஓடுகிறான், அல்லது வேகமாகப் பந்து வீசுகிறான் என்பதற்காக வெளியூர்ப் பெரிய பாடசாலையொன்றின் விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் அது அந்த ஒழுங்கைக்கே கிடைத்த பேறாகக் கருதப்படுகிறது. தவணை தொடங்குமுன் விடுமுறையிலேயே பயிற்சி முகாம் ஆரம்பமாகிவிடும். அதற்குள் எல்லாம் ஆயத்தமாக வேண்டும். தாய் சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்துச் சப்பாத்து வாங்குகிறாள். நுளம்புவலை, துவாய், நல்லெண்ணெய்ப் போத்தல், ஒரு சிமிழ் சித்தாலேப ஆகியன பயணப்பைக்குள் போகின்றன. கடைசியாக, எந்தப் பைக்குள்ளும் வைக்கத் தேவையில்லாத ஒரு பொருளையும் தந்தை கொடுத்தனுப்புகிறார்: "சேர் சொல்லுறதை மறுபேச்சில்லாமல் கேள், தம்பி."

இந்த அறிவுரை சரியானதுதானா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பிரச்சினை. அந்தத் தந்தை கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. மேஸ்திரிக்கும், கடை முதலாளிக்கும், அலுவலகப் பெரியவருக்கும் மறுபேச்சுப் பேசாமலிருந்ததனாற்றான் அவர் தமது குடும்பத்தை இதுவரை கரைசேர்த்திருக்கிறார். தமது வாழ்வு தமக்குக் கற்பித்த ஒரே பாதுகாப்பு முறையை மகனுக்கும் கற்பிக்கிறார். ஆனால் கூலி வேலையில் உயிர் காத்த ஒரு வழக்கம், வளரும் உடலொன்றைக் கடும் பயிற்சிக்கு ஒப்படைக்கும் இடத்தில் உயிரைக் காக்குமா?

விடுதிப் பாடசாலையும் அதன் மைதானமும் நம் மண்ணில் முளைத்தவையல்ல. பிரித்தானியர் தமது உயர்குடிப் பிள்ளைகளைப் பேரரசின் அதிகாரிகளாக வார்த்தெடுக்க அமைத்த பாடசாலைகளின் நிழலிலே கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் நமது பெரிய கல்லூரிகள் எழுந்தன. அக்கல்வி முறைக்குத் தந்தை என்று போற்றப்படும் றக்பி பாடசாலைத் தலைமையாசிரியர் தோமஸ் ஆர்னல்டுக்கு விளையாட்டில் பெரிய அக்கறை இருந்ததில்லை என்பது ஒரு வேடிக்கை. சமயமும் ஒழுக்கமுமே அவரது கவலை. அவர் 1842இல் இறந்த பின்னர், அவருடைய மாணவராயிருந்த தோமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட 'டொம் பிறவுனின் பாடசாலை நாட்கள்' என்ற நாவலும் அதன் வழிவந்த ஆசிரியர்களுமே மைதானத்தை ஒழுக்கத்தின் உலைக்களமாக்கினர். வலியைக் காட்டாதே, தலைவனைக் கேள்வி கேட்காதே, அணிக்காக உன்னை மற என்பன அந்த உலையில் உருகிய கட்டளைகள். ஆளப் பிறந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டவர்களுக்கு இக்கட்டளைகள் ஒருவகையில் பொருந்தின. இன்று கீழ்ப்படிபவன் நாளை கட்டளையிடுவான் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. நமது ஒழுங்கைப் பிள்ளைக்கு அந்த உறுதியை யார் அளித்தார்?

1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமையும், விடுதிகளோடு கூடிய மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமப்புறங்களில் எழுந்தமையும் இந்நாட்டின் பெரும் சமுதாய மாற்றங்களுள் அடங்கும். ஏழை விவசாயியின் மகன் அரச செலவில் விடுதியிற் படுத்துறங்கிப் படிக்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. கதவு திறந்தது, ஆனால் கதவுக்கு உள்ளேயிருந்த ஒழுங்குமுறை பெரும்பாலும் பழையதாகவே நின்றது. விளையாட்டுப் பொறுப்பாசிரியரின் ஊதுகுழல் சத்தத்துக்கு எதிர்ச்சொல் கிடையாது என்ற நம்பிக்கை இன்றும் நமது மைதானங்களில் உயிரோடிருக்கிறது.

உடலைப் பற்றிச் சிறிது பேசுவோம். பதினான்கு, பதினைந்து வயதில் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்துப் பகுதிகள் இன்னும் முற்றிவிடவில்லை. முழு வளர்ச்சியடைந்தவனுக்குத் தசைநார் சுளுக்கும் இடத்தில் இப்பிள்ளைக்கு எலும்பு முனையே பழுதுறக்கூடும். வேகமாக உயரும் காலத்தில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகள் பலருக்கு முழங்காற் சில்லின் கீழே வீக்கமும் நோவும் தோன்றும். ஓய்வு கொடுத்தால் ஆறும். ஓய்வின்றி வேகப்பந்து வீசவைக்கப்படும் இளைஞருக்கு இடுப்பு முள்ளெலும்பில் வெடிப்பு ஏற்படுவதுண்டு. இளம் பந்துவீச்சாளன் ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்களுக்கு மேல் வீசக் கூடாது என்று சில நாடுகளின் கிரிக்கெட் நிர்வாகங்கள் விதித்திருப்பதன் காரணம் இதுவே.

வெப்பம் இதனினும் கொடிது. நமது நாட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் முற்பகுதியில். இல்ல விளையாட்டுப் போட்டிகளை நாம் வைத்திருப்பதோ அதற்கு முந்திய முதலாந் தவணையில். பழகாத உடல் வெயிலில் உழைக்கப் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை விரைவிலே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையோடு வெளியேறும் உப்புக் குறைகிறது. இந்த உள்வேலை முடியுமுன்னர், விடுமுறை முழுவதும் வீட்டிலிருந்த பிள்ளையை முகாமின் முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டுவது உடலின் கணக்கை அறியாதவன் செய்யும் காரியம். உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து, பேச்சுத் தடுமாறத் தொடங்கிவிட்டால் வாகனம் தேடி ஓடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு: அந்த இடத்திலேயே குளிர்ந்த நீரில் அமிழ்த்துதல், தொட்டியில்லையேல் கிணற்று நீரை இடைவிடாது வாரி ஊற்றுதல். முதல் அரைமணி நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். கடும் வெயிலில் மாணவரை வெளிப்புற விளையாட்டுகளில் ஈடுபடுத்துவது பற்றிக் கல்வி அமைச்சு அறிவுறுத்தல் விடுத்திருந்த காலம் அது. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் இதுவே கதை. 2018 மே மாத இறுதியில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது வெப்பத்தாக்குக்குள்ளான பத்தொன்பது வயது வீரர் ஒருவர் சுமார் இரண்டு வாரங்களின் பின் மரணமானார். அவரது உடல் வெப்பம் உரிய நேரத்தில் அளக்கப்படவில்லை, குளிர்நீரில் அமிழ்த்தப்படவுமில்லை. சட்டப் பொறுப்பையும் ஒழுக்கப் பொறுப்பையும் தாம் ஏற்பதாகப் பல்கலைக்கழகத் தலைவர் பின்னர் பகிரங்கமாக அறிவித்தார். மருத்துவரும் உபகரணங்களும் குறைவின்றியிருந்த இடம் அது. எங்கோ ஓரிடத்தில் "என்னால் முடியவில்லை" என்ற சொல், சொல்லப்படாமலோ கேட்கப்படாமலோ போயிருக்கிறது.

இங்கேதான் தந்தையின் அறிவுரை முறிகிறது என்று நாம் கருதுகிறோம். கீழ்ப்படிவு நியாயமாவது எப்போது? கட்டளையிடுபவன் கீழ்ப்படிபவனைவிட அக்காரியத்தை நன்கறிந்தவனாக இருக்கும்போது. பந்தை எப்படிப் பிடிப்பது, ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டுவது என்பவற்றைப் பயிற்றுநர் அறிவார். அங்கே பிள்ளை அடங்கிக் கேட்கவேண்டியது முறை. ஆனால் முழங்காலினுள்ளே குத்துவது உழைப்பின் நோவா, முறிவின் நோவா என்பதை முதலில் அறிபவன் பிள்ளையே. உலகத்து மருத்துவர் எவரும் அவன் வாய் திறக்குமுன் அதை அறியமாட்டார். அறிவு அவனிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்க, அவனை மௌனியாக இருக்கப் பழக்குவது, வீட்டில் தீப்பற்றியதைக் கண்ட ஒரே ஆளின் வாயைக் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

"இப்படி இடங்கொடுத்தால் எல்லாப் பயல்களும் கால் நோகிறதென்று உட்கார்ந்துவிடுவார்களே, கஷ்டப்படாமல் எவன் முன்னுக்கு வந்தான்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சோம்பல் என்பதும் மனித சுபாவந்தான். நோவைச் சாட்டாக்கும் பிள்ளையை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் இரு தவறுகளையும் தராசில் இட்டுப் பாருங்கள். பொய்யை நம்பினால் ஒரு மாலைநேரப் பயிற்சி வீணாகும். மெய்யை நம்பாவிட்டால் இழப்பது ஒரு காலாக இருக்கலாம், ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். மேலும், உண்மையான சாதனை கண்மூடிய கீழ்ப்படிவிலிருந்து பிறக்கிறது என்பதற்கு நமது நாட்டின் அனுபவம் சான்று பகரவில்லை. முத்தையா முரளிதரன் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பின்னாளில் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளாக விளைந்தது, முன்னே நின்ற பையனின் உடலுக்கு எது இயல்பு என்று ஊன்றிப் பார்த்த ஒரு கண்ணின் விதை. பார்க்கத் தெரிந்த பயிற்றுநருக்குப் பிள்ளையின் சொல்லைக் கேட்பது கடினமாயிராது.

இனி, இப்பிரச்சினையின் வேருக்கு வருவோம். "முடியாது" என்று சொல்லும் துணிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. கட்டணம் செலுத்தும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கால் நொந்தால் மறுநாளே நிபுணரின் கடிதம் வருகிறது. தந்தை அதிபரோடு தொலைபேசியிற் பேசுகிறார். பிள்ளை ஒரு மாதம் நிழலில் அமர்ந்து ஆட்டம் பார்க்கிறான். அவனது இடம் பறிபோவதில்லை. விளையாட்டுக்காகவே இடம் பெற்ற கிருலப்பனைப் பையனின் நிலை வேறு. அவனுடைய கட்டிலும், மூன்று வேளைச் சோறும், படிப்பும் அவனது காலிலே தொங்குகின்றன. கால் போனால் எல்லாம் போம் என்று அவன் அறிவான். ஆகையால் இரவில் யாரும் அறியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் ஓடுகிறான். இதைக் கண்டு "என்ன மனத்திடம்!" என்று வியக்கிறோம். பயத்துக்கு நாம் சூட்டிய அலங்காரப் பெயர் அது.

ஆகவே பிள்ளையை மட்டும் ஆயத்தப்படுத்துவது பாதி வேலைகூட ஆகாது. விளையாட்டின் பொருட்டு ஒரு பிள்ளையை அழைக்கும் பாடசாலை, காயத்தின் பொருட்டு அவனை அனுப்பிவிடமாட்டோம் என்று எழுத்தில் உறுதி தரவேண்டும். இவ்வுறுதி இல்லாத இடத்தில் பிள்ளைக்குப் பேசும் உரிமை உண்டென்பது வெறும் பேச்சு. பெற்றோரும் தம் மனத்தைச் சோதித்துக்கொள்வது நன்று. ஒழுங்கையிலுள்ளோர் மத்தியில் தலைநிமிர்ந்து நடக்கும் ஆசை, பிற்காலத்தில் விளையாட்டினால் உத்தியோகம் கிடைக்கும் என்ற கணக்கு ஆகியவை பொல்லாதவையல்ல, ஆனால் தொலைபேசியில் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கும் குரலில் அவை கலந்துவிட்டால், மறுமுனையில் இருக்கும் பிள்ளை "நல்லாயிருக்கிறேன் அம்மா" என்று மட்டுமே சொல்வான்.

அடிப்பது ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்று இன்னும் நம்புவோருக்கு ஒரு செய்தி. ஆசிரியர் அறைந்ததனால் செவிப்புலன் பழுதுற்ற 15 வயது மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை அளிக்கும் உரிமை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் நமது உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்தலையும் தடுக்கும் உறுப்புரை அது. மைதானம் அந்த உறுப்புரையின் எல்லைக்கு வெளியே இல்லை. பூட்டிய அறையில் மூத்த மாணவர்கள் நடத்தும் "வரவேற்பு"களும், பயிற்சி என்ற பெயரால் உடலைத் தகாத முறையில் தொடும் கைகளும் அவ்வாறே. பெண்பிள்ளைகளுக்கு இச்சுமை இரட்டிப்பு. மாதவிலக்கு நாளில் ஓட இயலாதென்பதை ஓர் ஆண் பயிற்றுநரிடம் சொல்ல நேர்ந்தால் பெரும்பாலானோர் சொல்லாமலே ஓடிவிடுகின்றனர். பெண் ஆசிரியை ஒருவர் மைதானத்தில் இருத்தல் ஆடம்பரமன்று.

வீட்டில் செய்யக்கூடிய ஆயத்தங்கள் சில உள்ளன. அவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. முகாமுக்கு ஐந்தாறு வாரங்கள் முன்பே கால்வாய்க் கரையோரமாகச் சிறுகச் சிறுக ஓட்டத்தைக் கூட்டலாம். கடைசி இரு வாரங்களில் வெயிலேறிய நேரத்தில் சிறிது பழகலாம். புதுச் சப்பாத்தை முகாமிலே முதன்முதல் அணியாமல் வீட்டிலேயே அணிந்து காலுக்கு இசைவாக்கலாம். உப்பிட்ட கஞ்சியைவிடச் சிறந்த பானத்தை விளம்பரக்காரர் விற்கவில்லை. இவ்வயதினருக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். கைத்தொலைபேசி அதைத் திருட விடலாகாது.

இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சிங்களம் அறியாது தெற்கு நோக்கி வரும் பிள்ளைக்கு "ரிதெனவா" என்றால் நோகிறது, "ஒளுவ கரகெனவா" என்றால் தலை சுற்றுகிறது, "மட்ட பே" என்றால் என்னால் இயலாது என்று, பயணத்துக்கு முந்திய இரவிலாவது சொல்லிக் கொடுக்கவேண்டும். கிருலப்பனைப் பிள்ளைக்கு இச்சொற்கள் பிறந்தது முதல் தெரியும். ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடும்போது கூட்டாளிகளிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை கூசாமல் அவற்றைச் சொல்லியிருக்கிறான். விடுதி வாசலைத் தாண்டியதும் அவை அவன் தொண்டையில் நின்றுவிடுகின்றன. பயிற்றுநரைப் பார்த்து அவற்றைச் சொல்லலாம் என்று அவனுடைய தந்தை ஒருமுறை, பயிற்றுநரின் முன்னிலையிலேயே, அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வரவேண்டும்.