நெடுந்தூரமும் நெஞ்சுரமும்

நெடுந்தூரம் ஓடுபவனின் கால்கள் சோர்வதற்கு முன்னரே அவனது மனம் சோர்ந்துவிடும் என்பர். அங்ஙனமாயின், அம்மனத்தை மேலும் மேலும் ஓடத் தூண்டுவது யாது? வெற்றி வேட்கை என்பது எளிய விடை. ஆயினும் 1964 ஆம் ஆண்டு ரோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தை நோக்குமிடத்து அவ்விடை போதாதெனப் புலப்படும். ஏனையோர் யாவரும் ஓட்டத்தை முடித்த பின்னரும், இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த எஞ்சிய சுற்றுக்களைத் தன்னந்தனியே ஓடினார். முதலில் நகைத்த பார்வையாளரே இறுதியில் ஆரவாரித்து வாழ்த்தினர். வெல்வதற்கு அங்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அவர் எக்கணத்திலும் நின்றிருக்கலாம், எவரும் தடுத்திரார். நிற்க முடிந்தும் நில்லாமையையே மனவுறுதி என்று கொள்ளுதல் தகும்.

இவ்விலக்கணத்தை மாத்தளை மண்ணுக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் எழுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. பிழைத்தோரை நடக்கவைத்தது மனவுறுதியா? பின்னே பஞ்சம், முன்னே கடனும் கங்காணியும். நிற்பதற்கு உரிமையற்றவனின் நடையை விடாமுயற்சி என்று போற்றுவோர், அவனை அவ்வாறு நடக்கவிட்டவர்களின் குற்றத்தை மறைக்கத் துணைபோகின்றனர். (மேடைகளில் இத்தகைய புகழுரைகளுக்குக் குறைவில்லை.) எனினும் யாவும் நிர்ப்பந்தமே என்று முடித்துவிடுதலும் அம்மக்களைச் சிறுமைப்படுத்துவதாகும். தளர்ந்து வீழ்ந்த தோழனைத் தாங்கிப்பிடித்த கை ஒன்று அங்கிருந்திருப்பின், அதற்குக் கட்டளையிட்டவன் எந்தக் கங்காணியுமல்லன்.

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை மீண்டும் ஒரு கூட்டம் நடந்து கடந்தது. இவர்கள் விரும்பிய இடத்தில் பேருந்தில் ஏறியிருக்கலாம். கருணானந்தவைப் போன்று இவர்களுக்கும் நிற்கும் உரிமை இருந்தது. ஆனால் அவரது ஓட்டம் அவரோடு நின்றது. இவர்களது நடையோ, நிற்க இயலாதிருந்தோரின் பொருட்டு நிகழ்ந்தது. தன் உடலோடு மட்டும் வழக்காடும் மனம், வலி மிகுந்தவுடன் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதிக்கொள்ளும். பிறர்க்குப் பட்ட கடனை நெஞ்சில் சுமந்து நடப்பவனுக்கு அத்தீர்ப்பை எழுதுதல் அவ்வளவு எளிதன்று. காணியும் சமத்துவமான குடியுரிமையும் கேட்டு அவர்கள் மாத்தளையை அடைந்தனர்.