பால்காய்ச்சு வீட்டு வாசல்

போன வாரம் போத்தனூரில் எங்கள் வீதியில் ஒரு பால்காய்ச்சு. வாசல் நிறையச் செருப்பு. என்னுடையதில் ஒன்றைக் காணோம். தேடிக்கொண்டிருந்தபோது புதுப்பூச்சு வாடை மூக்கில் ஏறியது. உள்ளே நாதஸ்வரமும் தவிலும். செருப்பு, பூச்சு, மேளம். இந்த மூன்றுக்கும் கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் சிலருக்கு அரச ஆணை வேண்டியிருந்தது.

கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயர் கொண்ட அரசன் தென்கொங்குக் கம்மாளருக்கு விடுத்த ஆணை கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. அதன் பிரதி ஒன்று நம் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலிலும் உண்டு. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதி, பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே கிளம்பினால் காலுக்குச் செருப்புப் போடலாம். வீட்டுக்குச் சாந்து பூசலாம். 15ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் இது நடப்புக்கு வரும்.

கம்மாளர் என்றால் யார்? கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், கல்தச்சர். அரசனுக்கு வாள் அடித்தவர்கள், சாமிக்குத் தேர் செய்தவர்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் தன் வீட்டுச் சுவரைப் பூச அனுமதிக்குக் காத்திருந்திருக்கிறார். 'இனிச் செய்யலாம்' என்று கல் சொன்னால், அதுவரை முடியவில்லை என்றுதானே பொருள்? அந்த எழுத்தை வெட்டிய உளியும் ஒரு கம்மாளருடையதாகத்தான் இருந்திருக்கும்.

வரி மட்டும் தவறாமல் வாங்கினார்கள். பழைய சாசனங்களில் தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, தட்டாருக்குத் தட்டார்ப்பாட்டம். கல்யாணத்துக்கும் உண்டு, கண்ணாலக்காணம். எங்கள் அம்மிச்சி வாயில் கல்யாணம் கடைசிவரை 'கண்ணாலம்'தான்.

கடல் கடந்தும் இதே கணக்குத்தான். அயர்லாந்தில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் 'உரிமைகளின் நூல்' என்று ஒன்றை எழுதினார்கள். சிற்றரசர்கள் பேரரசனுக்கு மாடு, பன்றி, மேலாடை செலுத்த வேண்டும். அவன் அவர்களுக்குக் குதிரை, வாள், கேடயம் தருவான். வாங்கிக்கொண்டவன் அவனுக்குக் கீழ்ப்பட்டவன். நம் அரசன் ஒரு படி மேல். தன் கையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. அவரவர் காலையும் சுவரையும் அவரவருக்கே கொடுத்தான்.

என் செருப்பு கடைசியில் பந்தக்கால் ஓரமாகக் கிடைத்தது. அடுத்த முறை பேரூர் போனால், பட்டீசுவரரைக் கும்பிட்ட கையோடு சுவர்க் கல்லையும் கொஞ்சம் பாருங்கள்.